எந்த நாட்டுச் சட்டப்படி நான் பேய்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் எங்கும் போவதில்லை. கல்யாணம், புதுநன்மை, வீடு மந்திரிப்பு என்று யார் கூப்பிட்டாலும் காலையிலேயே போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடுவேன். சாயங்காலம் கனடாவிலிருந்து தம்பி கூப்பிடுவான். அவன் என்னோடு பேசுவது ஒரு நிமிஷம்தான். பிறகு போன் அவன் மகள் கைக்குப் போய்விடும். ஆறு வயது. எனக்கு மருமகள் முறை. அவளுக்கு அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும், பல் தேய்க்காமல் வந்து உட்கார்ந்திருப்பாள்.

ஏற்காட்டுப் பக்கம் நாகலூரில் என் வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். மிளகாய்த்தூள் டப்பாமீது போனைச் சாய்த்து வைத்து நின்றபடியே பேசுவேன். அவள் விழுந்த பல்லைக் காட்டுவாள், பனியில் போடும் பூட்ஸைக் காட்டுவாள். நான் காபிப் பழத்தைக் காட்டுவேன், ஜன்னலில் ஊரும் எறும்பைக் காட்டுவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களெல்லாம் இப்போது ஓய்ந்துவிட்டார்கள். இந்த ஒரு பிள்ளைதான் என்னை அத்தை என்று கூப்பிடுகிறது. மே மாத லீவுக்கு அங்கே வரச்சொல்லி தம்பி விசாவுக்கு ஏற்பாடு செய்திருந்தான். விசாவும் வந்துவிட்டது. நான் எந்தப் பக்கம் படுப்பது, அவள் எந்தப் பக்கம் படுப்பது என்பது வரை அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு ஞாயிறு போன் அவள் கைக்குப் போகவில்லை. “பாப்பா தூங்கறா அக்கா” என்றான் தம்பி. அடுத்த வாரம் குளிக்கிறாள் என்றான். அதற்கடுத்த வாரம் வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்றான். ஆறு வயசுப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் என்ன வீட்டுப்பாடம்? இத்தனை காலம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிய என்னிடமே கதை விடுகிறான். அம்மா போன பிறகு நான் குளிப்பாட்டி வளர்த்த பயல். அவன் பொய் சொன்னால் குரல் எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியாதா?

“என்ன சாமி ஆச்சு, நேராச் சொல்லு” என்றேன்.

“கோவிச்சுக்காத அக்கா. அவ உன்னப் பாத்து பயப்படறா.”

அவளுடைய பள்ளிக்கூடத்தில் அவரவர் அப்பா அம்மாவின் சொந்த ஊர்ப் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவளே டேப்லெட்டில் ஏற்காடு என்று தட்டியிருக்கிறாள். வந்த படங்களில் ஒன்றில் அத்தை இருந்தாள். சந்தோஷமாக அதையே எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் காட்டியிருக்கிறாள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை டீச்சர் வாசித்திருக்கிறார். மறுநாளிலிருந்து என் மருமகள் விளக்கை அணைத்தால் தூங்குவதில்லை. தம்பி இதைச் சொல்லிவிட்டு அந்தப் பக்கத்தின் லிங்கை அனுப்பினான்.

திறந்து பார்த்தேன். நான்தான். போன கல்லறைத் திருநாள் அன்று எடுத்தது. நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் குடும்பத்துப் பெண்கள் வெள்ளைச் சேலைதான் கட்டுவோம். அம்மா கட்டினாள், நானும் கட்டுகிறேன். அன்று மூடுபனி இறங்கி, தூறலும் போட்டதால் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். காற்றுக்கு அணையாமல் இருக்கக் கையால் மறைத்துப் பிடித்ததில் வெளிச்சம் கீழிருந்து முகத்தில் மட்டும் விழுந்திருக்கிறது. சில்வர் ஓக் மரங்கள் பின்னால் பாதி தெரிகின்றன. ரோட்டில் காரை நிறுத்திய எவனோ எடுத்திருக்கிறான். ஒழுங்காக எடுத்த படம் என்றுதான் சொல்ல வேண்டும். என் முகத்தில் இப்படி ஒரு அழகு இருப்பதாக எனக்கே தெரியாது.

கீழே இங்கிலீஷில் கதை. ஏற்காட்டின் வெள்ளைச் சேலைப் பெண். நூறு வருஷத்துக்கு முன்னால் காதலில் தோற்று உயிரை விட்ட பள்ளிக்கூட ஆசிரியை. மூடுபனி இறங்கும் நாட்களில் மெழுகுவர்த்தியோடு காதலன் கல்லறையைத் தேடி அலைகிறாள். ஆசிரியை என்பதை மட்டும் எப்படிச் சரியாகச் சொன்னான் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. மற்றபடி அது காதலன் கல்லறை இல்லை, எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த எங்கள் அப்பாவுடையது. இருட்டினால் பேய் வரும் என்று சொல்லும் ஆட்களைக் கண்டாலே அவருக்குப் பிடிக்காது. கதைக்கும் கீழே ஊர்ப்பட்ட பேர் கருத்து எழுதியிருந்தார்கள். நேரில் பார்த்ததாக ஒருவர். கொலுசுச் சத்தம் கேட்டதாக இன்னொருவர் சத்தியமே செய்திருந்தார். நான் அன்று போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

முதலில் சிரித்தேன். பிறகு ஜன்னலோரம் நின்றபடியே அழுதேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் என்னைப் பேய் என்று நினைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அந்தப் பிள்ளை நினைக்கக் கூடாது. அந்த இணையப் பக்கம் மறைந்தால்தான் அவள் திரும்பி வருவாள் என்று மனசில் பதிந்துவிட்டது. எப்படியாவது எடுக்க வைக்க வேண்டும்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஏற்காடு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா மரியாதையான மனுஷர். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

“ஏனுங்க டீச்சர், இது நீங்களேதானுங்களா?”

“நானேதானுங்க.”

“போட்டோ எடுத்தது நம்ம எல்லைங்க. அதுல சந்தேகமில்ல. ஆனா போட்டோ எடுத்தது குத்தமில்லீங்களே. பேயின்னு போட்டதுதானுங்களே குத்தம். அத எங்க உக்காந்து போட்டானோ.” மேசையைத் தட்டிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “மலைப்பாதையில வண்டி கவுந்தா மொதல்ல எந்த வளைவுன்னு கேப்போம். மேல்வளைவுன்னா நாங்க போவோம், கீழ்வளைவுன்னா அடிவாரத்துப் பக்கத்துக்காரங்க வருவாங்க. இது எந்த வளைவுன்னே தெரியலீங்களே டீச்சர்.”

எனக்கும் தெரியவில்லை. சேலத்தில் சைபர் கிரைம் ஆபீஸ் இருக்கிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

சனிக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது ஸ்டாப்புக்கு எதிரில் மெஸ் வைத்திருப்பவர் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று விசாரித்தார். அவரிடம் விஷயத்தைச் சொன்னது என் தப்பு. அந்தப் படத்தைப் போட்ட ஆள் யார் என்று தெரியவில்லை, சர்வர் வெளிநாட்டில் இருக்கிறதாம், அதனால்தான் சிக்கல் என்றேன். தம்பி எனக்குச் சொன்னதைத்தான் நான் அவருக்குச் சொன்னேன்.

“சர்வரப் புடிச்சு என்னங்க டீச்சர் பண்றது? அவன் பாவம், குடுத்தத எடுத்துட்டு வந்து வெக்கறவன். மொதலாளியக் கேளுங்க” என்றார் அவர்.

அவர் கடையில் இலை போட்டுப் பரிமாறும் சர்வர் அப்போதுதான் சாம்பார் வாளியோடு வெளியே வந்து எங்களைப் பார்த்தான். நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் பஸ் வந்துவிட்டது. கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றச் சுற்ற அதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு ஊரெல்லாம் டீச்சர் ஏதோ ஒரு வெளிநாட்டு ஓட்டல்காரன்மேல் புகார் கொடுக்கப் போகிறாள் என்று பரவிவிட்டது. அதையும் நான் மறுக்கவில்லை. பேய் என்று பரவுவதற்கு இது எவ்வளவோ தேவலை.

சேலத்தில் என் புகாரை எடுத்துக்கொண்டது சின்ன வயது இன்ஸ்பெக்டர் அம்மா. பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டிப் பார்த்து, அந்தத் தளத்தின் பெயர் பதிவாகியிருப்பது ஒரு தீவில், சர்வர் இருப்பது நெதர்லாந்தில், நடத்துகிறவர் எந்த நாடு என்பதை எங்குமே எழுதவில்லை என்றார்.

“அப்ப எந்த நாட்டுச் சட்டங்க மேடம் இதுக்கு?” என்று கேட்டேன்.

“நம்ம சட்டமே செல்லுங்க டீச்சர். நீங்க இங்க இருக்கீங்க, படம் இங்க எடுத்தது, இங்க உக்காந்து நூறு பேரு படிக்கறாங்க. நம்ம கோர்ட்டு விசாரிக்கலாம். அதுல பிரச்சனையில்ல.” அவர் முகத்தைப் பார்த்தால் பிரச்சினை இனிமேல்தான் என்று தெரிந்தது. “ஆனா சட்டம் போற தூரத்துக்குக் கை போகாதுங்க. கோர்ட்டு ஆர்டரே போட்டாலும் அங்க இருக்கறவன் மதிச்சாத்தான் உண்டு. மதிக்கலைன்னா நாங்க டில்லிக்கு எழுதோணும், டில்லி அந்த நாட்டுக்கு எழுதோணும், அந்த நாடு அவங்க சட்டத்துல இது குத்தமான்னு பாக்கோணும். உண்மையச் சொல்றேனுங்க, ஒரு பேய்க்காக டில்லி எழுதாது.”

மேடத்தின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னார். முதலில் அந்தத் தளத்துக்கே ஈமெயில் எழுதிப் பார்க்கலாம் என்று அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். அனுப்பிவிட்டு மலையேறினேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. அடிவாரம் தாண்டியதும் குளிர் காற்று முகத்தில் அடித்தபோதுதான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

பதில் வர நாளாகும் என்று நினைத்தேன், சீக்கிரமே வந்தது. எங்கள் தளம் எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டது என்று ஆரம்பித்து, அது எந்த நாடு என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தார்கள். எங்கள் சட்டப்படி இறந்தவர்களைப் பற்றி எழுதுவது அவதூறு ஆகாது, இறந்தவரின் உறவினர் என்ற முறையில் உங்கள் வருத்தத்தை மதிக்கிறோம் என்று முடித்திருந்தார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. அன்று சாயங்காலம் நானே பதில் எழுதினேன். ஐயா, நான் அந்தப் பேயின் உறவினர் அல்ல, நான்தான் அந்தப் பேய், உயிரோடு இருக்கிறேன், தினமும் பள்ளிக்கூடம் போகிறேன். இங்கிலீஷில் இப்படி ஒரு வாக்கியம் எழுதுவேன் என்று இத்தனை வருஷம் பாடம் எடுத்தும் நினைத்ததில்லை.

அப்படியானால் அதற்கு ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. அடையாள அட்டை, அதோடு அதே இடத்தில் நின்று புதிதாக எடுத்த ஒரு படம், முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ஆக, பேய் இல்லை என்று நிரூபிக்க மறுபடி பேய் வேஷம் கட்ட வேண்டும். நவம்பரில் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கிற சேலையை பிப்ரவரி மாதத்துப் பட்டப்பகலில் கட்டிக்கொண்டு கல்லறைக்குப் போனேன். படம் எடுக்க மெஸ்காரரைத்தான் கூப்பிட்டேன். அவரிடம் நல்ல போன் இருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா கல்லறையில் நவம்பரில் அடித்த சுண்ணாம்பு மழைக்கு உரிந்து கிடந்தது. மெழுகுவர்த்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயிலில் சுடர் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

“டீச்சர், முந்தானையத் தலமேல போடுங்க. அதுல அப்படித்தான இருக்குது.”

போட்டேன்.

“கொஞ்சம் கீழ பாருங்க. இல்லீங்க, நொம்பக் கீழ வேண்டாம்.”

அப்பா பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருப்பவர் நிம்மதியாக இருக்கிறார், வெளியே இருக்கிற நான் உயிரோடு இருப்பதாக ஒரு கம்பெனிக்காரனிடம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறேன். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் படுத்திருக்கும் இடத்தில் இதுவரை நான் யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. மெஸ்காரர் நாலைந்து எடுத்தார். எல்லாவற்றிலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருந்தது. அதையே அனுப்பினேன். பேய்க்கு யாரும் பக்கத்தில் நின்று படம் எடுக்க மாட்டார்கள், விரலும் ஒரு ஆதாரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

பிறகு பதிலே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. தம்பி கூப்பிடுவான், நாங்கள் இருவரும் வானிலையைப் பற்றிப் பேசுவோம். அங்கே பனி, இங்கே வெயில். பின்னால் எங்கேயோ அவள் சிரிப்பது கேட்கும். அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே காது கொடுக்காத மாதிரி பேசுவது எனக்குப் பெரிய பாடாக இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவை ஜன்னலிலிருந்து எடுக்கவும் மனசு வரவில்லை, அது அங்கேயே இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் ஈமெயில் வந்தது. உங்கள் நாட்டுச் சட்டத்தை மதித்து அந்தப் பக்கத்தை நீக்கியிருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். போனில் திறந்து பார்த்தேன். உண்மைதான், படம் இல்லை. பக்கம் கிடைக்கவில்லை என்று ஒரு வரி மட்டும் இருந்தது. சேலத்து மேடத்துக்குப் போன் செய்து சொன்னேன். நொம்ப சந்தோஷம் டீச்சர் என்றார். ஏட்டய்யாவிடம் சொன்னேன். மெஸ்காரர் அன்று டீக்குக் காசு வாங்கவில்லை, தன் விரலுக்கும் இதில் பங்குண்டு என்று நினைத்திருக்கலாம். அந்த வாரம் முழுக்க எனக்குக் களைப்பே தெரியவில்லை.

ஞாயிறு சாயங்காலம் தம்பி கூப்பிட்டதும் அவன் வாய் திறப்பதற்குள் சொன்னேன், எடுத்துவிட்டார்கள் என்று. அவன் கண் போனை விட்டு வேறெங்கோ, இன்னொரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இங்க இருக்குதே அக்கா.”

“எங்க இருக்குது? நான் பாத்தேன், இல்லியே.”

“உங்க நாட்டுச் சட்டப்படின்னு எழுதியிருக்கான் பாரு. இந்தியாவுல மட்டும்தான் மறைச்சிருக்கான். இங்க திறந்தா அப்படியே வருது.” தானும் அங்கிருந்து எழுதிப் பார்த்ததாகச் சொன்னான். படத்தில் இருப்பவர் இந்த நாட்டில் வசிக்கவில்லை, உங்கள் புகாரை ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. ஸ்டேஷன், சேலம், பஸ், வெயிலில் கட்டிய சேலை, எல்லாம் எதற்கு? இந்தியாவில் எனக்கு எவனைப் பற்றியும் கவலையில்லை. நாகலூரில் யார் என்னைப் பேய் என்று நம்பினார்கள்? யார் நம்பினாளோ அவள் இருக்கிற வீட்டில், அவள் தட்டிப் பார்க்கிற டேப்லெட்டில், நான் இன்னும் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கால் வலித்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் என் நெற்றி மட்டும்தான் திரையில் தெரியும், தெரிந்தால் தெரியட்டும்.

அப்போது தம்பிக்குப் பின்னால் கதவோரத்தில் பாதி முகம் தெரிந்தது. ஒரு கண், ஒரு பக்கத்து ஜடை.

நான் மூச்சு விடாமல் இருந்தேன். தம்பியும் திரும்பிப் பார்க்கவில்லை. கெட்டிக்காரன்.

“அத்தை” என்றாள்.

“சொல்லு கண்ணு.”

“அப்பா சொன்னது கேட்டேன். இந்தியால அந்தப் படம் இல்லியா?”

“இல்ல சாமி. எடுத்துட்டாங்க.”

“அங்க நீங்க கோஸ்ட் இல்லியா?”

“இல்ல கண்ணு. அத்தை அத்தைதான்.”

அவள் யோசித்தாள். யோசிக்கும்போது கீழுதட்டைக் கடிப்பாள், அவள் அப்பா சின்ன வயசில் செய்வது அப்படியே. பிறகு கதவை விட்டு வந்து தம்பியின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். எத்தனையோ வாரத்துக்குப் பிறகு அவள் முகம் முழுதாகத் திரையில் வந்தது. முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. நான் அவசரமாக எழுந்து நின்றேன், அவளுக்கும் என் முகம் முழுதாகத் தெரியட்டும் என்று.

“இங்க இருக்குது அத்தை. நான் பாத்தேன்.”

“ஆமா கண்ணு. அங்க இன்னும் எடுக்கலியாம்.”

“அப்ப நீங்க மேல இங்க வராதீங்க” என்றாள். மே மாதத்தை அவள் அப்படித்தான் சொல்வாள். கோபமில்லை, பயமும் இல்லை. எனக்கு நல்லது சொல்கிற குரல். “இங்க வந்தா நீங்க கோஸ்ட் ஆயிடுவீங்க. நான் அங்க வரேன்.”

தம்பி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “சின்னப் புள்ள அக்கா, ஏதோ பேசறா. மறந்துடுவா. நீ டிக்கெட் போடு” என்றான். மடியில் இருந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாஸ்போர்ட் பெட்டிக்குள் வெள்ளைச் சேலைக்கு மேலே இருக்கிறது. அதில் விசா ஒட்டியிருக்கிறது. அந்த நாட்டு அரசாங்கம் என் விரல் ரேகையை வாங்கிப் பார்த்து, உயிருள்ள பொம்பளைதான், வந்துவிட்டுப் போகட்டும் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது. இவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“சரி கண்ணு” என்றேன். “நான் வரல. நீயே வா.”

“எறும்பு இருக்கா அத்தை?” என்று கேட்டாள். போனை டப்பாவிலிருந்து எடுத்து ஜன்னலில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளுக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன்.